பொந்து உள்ள மரம்: புத்தளக் கரையோரக் காடும் இருவாய்ச்சிப் பறவையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளை ஓர் ஆசிரியரின் பெயரால் நடக்கிறது. பிள்ளைகள் தாங்கள் மிதித்து நடக்கும் மண்ணை அறிந்தவர்களாக வளரவேண்டும் என்பது அவருடைய விருப்பம் என்று குடும்பத்தார் என்னிடம் சொன்னார்கள். அந்த விருப்பத்துக்கு இசைவாக, நம் மாவட்டத்துக் காட்டில் வாழும் ஒரு பெரிய பறவையை இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டேன். இருவாய்ச்சி என்றும் இரட்டைச் சொண்டுக் குருவி என்றும் தமிழிலும், பொரோ கெந்தெத்தா என்று சிங்களத்திலும் சொல்லப்படும் பறவை அது.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் பரப்பளவைப் பேசுகிறோம். எத்தனை ஏக்கர் இருந்தது, எத்தனை ஏக்கர் அழிந்தது, எத்தனை மரக்கன்று நட்டோம் என்கிறோம். இருவாய்ச்சிக்கு இந்தக் கணக்கு உதவாது. அதற்கு வேண்டியது முதிர்ந்து, வயிறு கோறையாகி, பொந்து விழுந்த ஒரு மரம். அப்படிப்பட்ட மரங்கள் எங்கெங்கே, எத்தனை நிற்கின்றன என்பதுதான் காட்டின் உண்மையான கணக்கு. அந்தக் கணக்கை நம் மாவட்டத்தில் இதுவரை யாரும் முறையாக எழுதி வைக்கவில்லை. அதை எழுதத் தொடங்குவோம் என்று கேட்கவே இந்த மேடையைப் பயன்படுத்துகிறேன்.

பறவை

உலகில் இருவாய்ச்சி இனங்கள் ஏறத்தாழ 60 உண்டு. ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் மெலனீசியத் தீவுகளிலும் மட்டுமே அவை வாழ்கின்றன. இந்தியாவில் 9 இனங்கள். இலங்கையில் இரண்டு. ஒன்று, இலங்கைக்கே உரிய சாம்பல் இருவாய்ச்சி. உருவில் சிறியது, சொண்டின் மேல் புடைப்பு இல்லாதது, ஈரவலயத்திலும் வறண்ட வலயத்திலும் வாழ்வது. மற்றது, இன்று நாம் பேசும் கறுப்பு வெள்ளை இருவாய்ச்சி. மலபார் இருவாய்ச்சி என்று பறவை நூல்களில் வருவது இதுதான். இது இலங்கையிலும் இந்தியாவின் நடு, தென் பகுதிகளிலும் மட்டுமே உண்டு.

சிங்கராஜா போன்ற மழைக்காடுகளில் இதைத் தேடினால் கிடைக்காது. இத்தீவில் இதன் வீடு வறண்ட வலயத்துத் தாழ்நிலக் காடு. அதிலும் ஆற்றோரமும் குளத்தோரமும். வில்பத்து, யால, உடவளவ போன்ற இடங்களில் காணலாம். நம் மாவட்டத்தில் கலா ஓயாவின் கரையும் வில்பத்துவும் இதற்கு உகந்த இடங்கள்.

ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடை. உடல் கறுப்பு, வயிறு வெள்ளை, வாலின் ஓரச் சிறகுகள் வெள்ளை. வெளிறிய மஞ்சள் சொண்டின் மேல் கவசம் மாதிரி ஒரு புடைப்பு எழுந்து நிற்கும்; அதில் பெரிய கறுப்புத் திட்டு. ஆணையும் பெண்ணையும் கண்ணைப் பார்த்துப் பிரித்துவிடலாம். ஆணின் கண் சிவப்பு, சுற்றியுள்ள தோல் கருநீலம். பெண்ணின் கண்ணைச் சுற்றி வெள்ளைத் தோல். அந்தக் கவசம் பார்வைக்குக் கனமானதாகத் தெரிந்தாலும் உள்ளே வெறுமையானது. ஆனாலும் இவ்வளவு நீளச் சொண்டைத் தூக்கிச் சுமக்கக் கழுத்துக்கு வலு வேண்டும். அதனால் இருவாய்ச்சிகளின் முதல் இரண்டு கழுத்தெலும்புகளும் ஒன்றாக ஒட்டியிருக்கும். வேறு எந்தப் பறவைக் குடும்பத்திலும் இந்த அமைப்பு இல்லை.

இது பறப்பது கண்ணுக்கு முன்னே காதுக்கு எட்டும். மற்றப் பறவைகளுக்குப் பெரிய இறக்கைச் சிறகுகளின் அடியை மூடுகிற சிறு சிறகுகள் இருக்கும். இருவாய்ச்சிகளுக்கு அந்த மூடல் இல்லாதபடியால் சிறகிடுக்கில் காற்று புகுந்து இரைகிறது. வீச்சு, வீச்சு, பிறகு ஒரு மிதப்பு, மறுபடி வீச்சு. காட்டோரத்தில் மாடு மேய்ப்பவர்களுக்கும் தேன் எடுக்கப் போகிறவர்களுக்கும் இந்த இரைச்சல் நன்கு பழக்கம்.

இந்தப் பறவையைக் குறித்து நமக்குக் கிடைக்கும் எழுத்துச் செல்வம் பழையது. கப்டன் வின்சென்ட் லெக் 1880ஐ ஒட்டி முடித்த இலங்கைப் பறவைகளின் வரலாறும், ஜி. எம். ஹென்றி 1955இல் வெளியிட்ட கைநூலும் இன்றும் படிக்கத் தக்கவை. ஆனால் நம் கரையோரத்தில் இது கூடு வைக்கும் மரங்கள் எவை, அவை இன்னும் நிற்கின்றனவா என்ற கேள்விகளுக்கு விடை, நம் ஊர் மனிதர்களின் நினைவில்தான் இருக்கிறது.

அடைபட்ட தாய்

பறவை உலகில் இருவாய்ச்சியின் இல்லறத்துக்கு இணையானதைக் காண்பது அரிது. கூடு வைக்கும் காலம் வந்ததும் பெண் ஒரு மரப்பொந்துக்குள் நுழைகிறது. நுழைந்ததும் தன் எச்சத்தையும் பழச் சக்கையையும் குழைத்து, சொண்டின் பக்கவாட்டால் தட்டித் தட்டி, வாசலை உள்ளிருந்தே பூசி அடைக்கிறது. கடைசியில் மிஞ்சுவது சொண்டு நுனி நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. உள்ளே இரண்டு அல்லது மூன்று முட்டைகள் இடும். இட்ட பின் தன் பறக்கும் சிறகுகளையும் வால் சிறகுகளையும் உதிர்த்துவிடும். ஆக, அந்தத் தாயால் இனிப் பறக்க முடியாது. வெளியே வரவும் முடியாது. ஏறத்தாழ இரண்டரை, மூன்று மாதங்கள் தாயும் குஞ்சுகளும் வாழ்வது அந்தப் பிளவின் வழியாக ஆண் கொண்டுவந்து கொடுப்பதை நம்பியே.

ஆண் செத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கல், ஒரு வெடி, மின்கம்பியில் ஓர் உரசல். சாவது ஒரு பறவை மட்டும் அல்ல, ஒரு குடும்பமே.

கலா ஓயாக் கரையில், எலுவன்குளம் பக்கமாக, ஒரு பெரிய மருத மரத்தின் எதிரே பற்றைக்குள் நான் பார்த்ததைச் சொல்கிறேன். என்னை அழைத்துப் போனவர் முன்பு விறகு வெட்டி வாழ்ந்த ஒரு நானா. பொந்து ஆற்றைப் பார்த்திருந்தது. அடிமரத்தில் பொந்துக்கு நேர் கீழே வெள்ளை எச்சம் வழிந்து காய்ந்திருந்தது. ஆண் வந்தபோது அதன் தொண்டை புடைத்திருந்தது. கொப்பில் இருந்து இருபுறமும் பார்த்தது. பிறகு மரத்தைப் பற்றிக்கொண்டு பொந்தின் வாசலில் ஒட்டியது. தலையை ஒரு உலுப்பு. சொண்டு நுனியில் ஒரு பழம் வந்து நின்றது. அதைப் பிளவில் வைத்தது. உள்ளிருந்து ஒரு சொண்டு நுனி வந்து வாங்கிக்கொண்டது. மறுபடி உலுப்பு, மறுபடி ஒரு பழம். தொண்டை வற்றும்வரை ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டு, ஆற்றைக் கடந்து பறந்தது.

"போன வருசமும் இந்தப் பொந்துதான் சேர். அதுக்கு முந்தின வருசமும் இதுதான்," என்றார் நானா. "நாங்க வெட்டுற காலத்தில இதத் தொட இல்ல. கோறை மரம், பலகைக்கு உதவாது."

அவர் சொன்னது மிக முக்கியமான செய்தி. ஒரு நல்ல பொந்தைச் சோடிகள் ஆண்டுதோறும் பயன்படுத்துகின்றன. வேறு பொந்து எளிதில் கிடைப்பதில்லை என்பது அதற்கு ஒரு காரணம்.

மரத்தடியில் இன்னொன்றும் பார்த்தேன். எச்சம் விழுந்த இடத்தில் சிறு செடிகள் நெருக்கமாக முளைத்திருந்தன. எல்லாம் அந்தத் தாயும் குஞ்சுகளும் தின்ற பழங்களின் விதைகள். இருவாய்ச்சி என்ன தின்கிறது என்று அறிய ஆராய்ச்சியாளர்கள் முதலில் பார்ப்பதே இந்த நாற்றுமேடையைத்தான்.

காட்டின் விதைப்பாளன்

இதன் உணவில் ஆல், அத்தி, அரசு, இத்தி என்ற அத்திக் குடும்பத்துப் பழங்களுக்கே முதலிடம். கூடு வைக்காத மாதங்களில் உணவில் பெரும் பங்கு அத்தி இனங்களே என்று இந்தியாவில் ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. அத்தி இனங்களுக்குச் சிறு குளவிகள் மகரந்தம் சேர்க்கின்றன. அந்தக் குளவி உயிரோடு தொடர வேண்டுமானால் காட்டில் எங்காவது ஒரு மரம் எப்போதும் காய்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதனால் மற்ற மரங்கள் வெறுங்கொப்பாக நிற்கும் மாதத்திலும் ஏதோ ஓர் ஆலோ அத்தியோ பழுத்திருக்கும். பறவை அதைத் தேடி நெடுந்தொலைவு பறக்கிறது.

பாலை, வீரை போன்ற நம் காட்டு மரங்கள் பழுக்கும் காலத்தில் வில்பத்துவில் கரடி முதல் குரங்குவரை எல்லா உயிரும் மரத்தடியில் கூடும். அந்த விருந்தில் பெரிய பறவைகளுக்கும் பங்கு உண்டு. எட்டிக்காயின் விதையில் கொடிய நஞ்சு உண்டென்று நாம் அறிவோம். அதன் சதையையும் இருவாய்ச்சி தின்கிறது. விதை உடையாமல் வெளியேறிவிடுகிறது.

இங்கேதான் இதன் பெரும்பணி இருக்கிறது. சிறு குருவிகளால் சிறு பழத்தைத்தான் விழுங்க முடியும். பெரிய விதையை முழுதாக விழுங்கி, தாய்மரத்திலிருந்து வெகுதூரம் கொண்டுபோய், உயிருள்ளதாகவே கக்கிப் போட அகன்ற வாயும் நீண்ட பறப்பும் வேண்டும். இத்தீவின் வறண்ட வலயத்தில் அந்த இரண்டும் சேர்ந்த பறவைகள் மிகச் சிலவே. இருவாய்ச்சி அற்றுப்போன காடு மறுநாளே அழிந்துவிடாது. நின்ற மரம் நிற்கும். ஆனால் அதன் பிள்ளைகள் அதன் காலடியிலேயே விழுந்து நெருக்குண்டு சாகும். இரண்டு தலைமுறை கழித்துத்தான் இழப்பு கண்ணில் படும்.

பொந்து எப்படி உண்டாகிறது

மரங்கொத்தி தன் பொந்தைத் தானே கொத்திக்கொள்ளும். இருவாய்ச்சிக்கு இவ்வளவு பெரிய சொண்டு இருந்தும் அது முடியாது. ஏற்கெனவே உள்ள பொந்தை வாசலில் கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆகவே அது காலத்தை நம்பி வாழும் பறவை.

ஒரு பொந்து பிறக்கும் விதம் இது. ஒரு புயலில் பெரிய கொப்பு ஒன்று முறிகிறது. முறிந்த இடத்தில் மழைநீர் தேங்குகிறது. பூஞ்சணம் உள்ளே இறங்கி நடு வைரத்தைத் தின்னத் தொடங்குகிறது. கறையான் சேர்கிறது. மரங்கொத்தி வந்து அந்த மென்மையான இடத்தைக் கொத்துகிறது. வெளிப்பட்டையும் அதை ஒட்டிய உயிர்மரமும் தொடர்ந்து வளர, உள்ளே மட்டும் உக்கி உக்கி ஒரு வெளி உண்டாகிறது. இவ்வளவும் நடக்கப் பல பத்தாண்டுகள் செல்லும். அதற்கும் முன்னே, தாயும் குஞ்சுகளும் அடங்கக்கூடிய பருமனுக்கு அந்த மரம் வளர்ந்திருக்க வேண்டும்.

அப்படி வந்த எல்லாப் பொந்தும் உதவாது. வாசல் பெண் நெருக்கி நுழையும் அளவே இருக்கவேண்டும். அகன்றால் அடைக்க முடியாது. பொந்தின் தரை வாசலுக்கு அருகில் இருக்கவேண்டும். ஆழமானால் உணவு வாங்க எட்டாது. மேலே உயரம் வேண்டும். ஆபத்து வந்தால் தாய் ஏறி ஒதுங்க. இத்தனையும் பொருந்திய பொந்துக்கு உடும்பும் தேனீயும் கிளியும் போட்டிக்கு நிற்கின்றன.

வைரம் பாய்ந்த மரத்தை வெட்டினோம், விற்றோம். அதற்கு விலை இருந்தது. கோறை மரத்துக்கு விலை இல்லை; அதனால் சில தப்பின, பல விறகாகவும் சூளைக்கும் போயின. சேனைக்குத் தீ வைத்தபோது முதலில் பற்றி எரிந்து விழுந்தவையும் உள்ளே காய்ந்து கிடந்த கோறை மரங்களே. இன்று தோட்டங்களில் ஆபத்தான மரம் என்று முதலில் வெட்டப்படுவதும் அதுதான். பயனற்றது என்று நாம் பெயர் வைத்த மரம், ஒரு இனத்தின் ஒரே வீடு.

இந்த மண்ணின் கணக்கு

1344இல் பயணி இப்னு பதூதா புத்தளத்தில் கரையிறங்கினார். ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குவிந்து கிடந்ததாக அவர் பதிந்திருக்கிறார். அதாவது, நம் துறைமுகத்தின் முதல் வெளிநாட்டு வர்ணனைகளில் ஒன்று, மரம் நிறைந்த ஒரு கரையின் வர்ணனை. அதன் பிறகு வந்த நூற்றாண்டுகளில் முதிரையும் கருங்காலியும் கப்பல் ஏறின. பாலை மரம் ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டையாகியது.

ஆனால் வெட்டிய கதை மட்டும் சொன்னால் அது பாதி உண்மை. வில்பத்துவின் உள்ளே பொன்பரப்பியில் தமிழ்நாட்டின் ஆதிச்சநல்லூரை நினைவூட்டும் ஈமத்தாழிகள் தோண்டி எடுக்கப்பட்டன. காட்டுக்குள்ளே கைவிடப்பட்ட பழங்குளங்களும் கட்டிடச் சிதைவுகளும் உள்ளன. குதிரைமலையில் அல்லி அரசாணியின் கதை இன்றும் வழங்குகிறது. இன்று காடாக இருக்கும் நிலத்தின் ஒரு பகுதி ஒருகாலத்தில் வயலாகவும் ஊராகவும் இருந்தது. மனிதர் விலகிய பின் காடு வந்தது. நமக்கு நம்பிக்கை தரும் வரலாறு இது. காடு திரும்பி வரும். ஆனால் திரும்பி வருவதில் ஓர் ஒழுங்கு உண்டு. புல் ஓராண்டில் வரும். பற்றை சில ஆண்டுகளில் வரும். பழமரம் ஒரு தலைமுறையில் வரும். பொந்து கடைசியில்தான் வரும். எல்லாவற்றிலும் தாமதமாக வருவதை எல்லாவற்றுக்கும் முதலாகக் காக்க வேண்டும் என்பதே என் வாதத்தின் சாரம்.

வில்பத்து 1905இல் காப்பிடமாக அறிவிக்கப்பட்டு 1938இல் தேசியப் பூங்கா ஆகியது. 1,31,693 ஹெக்டேயர், இத்தீவின் மிகப் பெரிய பூங்கா. வில்லுகள் எனப்படும் இயற்கை நீர்நிலைகள் அதன் தனிச் சிறப்பு. போரினால் 1988 இறுதியில் மூடப்பட்டு 2003இல் திறந்து, 2006இல் மறுபடி மூடி, 2010இல் திறந்தது. அதன் தென் எல்லையில் கலா ஓயா ஓடி, பெரும் கண்டல் காட்டின் ஊடாகப் புத்தளக் களப்போடு கலக்கிறது.

இந்தப் பூங்காவின் பெயர் அண்மைக் காலத்தில் மனிதரை மனிதர் குற்றம் சாட்டும் சொல்லாகவும் ஆகிவிட்டது. அதை ஒளித்துவிட்டுப் பேசுவது நேர்மை ஆகாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட பல்லாயிரம் முஸ்லிம் மக்களை இந்த மாவட்டம் ஏற்று வைத்துக்கொண்டது. அவர்கள் தம் ஊர்களுக்குத் திரும்பிய காலத்தில் காணியா காடா என்ற வழக்கு எழுந்து, நீதிமன்றம்வரை போனது. தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. நான் சொல்வது ஒன்று: மண்ணில் மனிதருக்குள்ள உரிமையையும் காட்டில் பறவைக்குள்ள உரிமையையும் ஓர் இனத்தின் பெயரால் மோதவிட்டால் இரண்டும் தோற்கும். சேனைத் தீயும், சுண்ணாம்புக்கல் அகழ்வும், அருவக்காலுவுக்கு வந்து சேரும் கொழும்புக் குப்பையும், மரம் கடத்தும் லொறியும் எந்த மதத்தையும் சேர்ந்தவை அல்ல. காக்கும் வேலையும் அப்படியே.

தீவுகள் கற்பிக்கும் பாடம்

வெப்ப வலயத் தீவுகளில் வாழும் பெரிய காட்டுப் பறவைகளுக்கு ஒரு பொதுத் துயரம் உண்டு. பெரிய நிலப்பரப்பில் ஒரு காடு அழிந்தால் அடுத்த காட்டுக்குப் போகலாம். தீவில் அடுத்த காடு கடல்தான்.

அந்தமான் பக்கத்தில் நார்கொண்டம் என்று ஓர் எரிமலைத் தீவு. பரப்பு 7 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. உலகிலேயே நார்கொண்டம் இருவாய்ச்சி வாழ்வது அங்கே மட்டும். அண்மையில் கணக்கெடுத்தவர்கள் ஏறத்தாழ 1000 பறவைகள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். அவ்வளவு சிறிய இடத்தில் அத்தனை பறவைகள் வாழக் காரணம், அங்கே காடு முதிர்ந்த காடாக, அத்தி இனங்கள் செறிந்த காடாக இருப்பதே. பிலிப்பைன்ஸின் சூலுத் தீவுக்கூட்டம் அளவில் இதைவிடப் பல மடங்கு பெரியது. ஆனால் பெருமரங்கள் வெட்டப்பட்டுவிட்டன. அங்குள்ள சூலு இருவாய்ச்சிகள் இன்று சில பத்துகள்தான். சின்னத் தீவில் ஆயிரம், பெரிய தீவுகளில் சில பத்து. பரப்பளவு மட்டும் ஒரு பறவையைக் காப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

மூன்றாவது, நம்மவர்களும் வாழும் சிங்கப்பூர். அங்கே நம் இருவாய்ச்சியின் நெருங்கிய உறவான கீழைத்தேசக் கறுப்பு வெள்ளை இருவாய்ச்சி 19ஆம் நூற்றாண்டிலேயே அற்றுப்போனது. 1994இல் புலாவ் உபின் தீவில் ஒரு சோடி மறுபடி தென்பட்டது. உணவு இருந்தது, மரங்கள் இருந்தன, பறவையும் வந்துவிட்டது. ஆனால் பொந்துள்ள முதிய மரம் போதவில்லை. எனவே ஆய்வாளர்கள் பெரிய மரப்பெட்டிகளைச் செய்து உயரத்தில் பொருத்தி, உள்ளே கமராவும் வைத்தார்கள். பறவைகள் அவற்றை ஏற்றுக்கொண்டன. இன்று நகரப் பூங்காக்களிலும் அவை பறக்கின்றன. மகிழவேண்டிய செய்தி. அதே வேளையில் அதன் செலவையும் உழைப்பையும் எண்ணுங்கள். இயற்கை நமக்கு இலவசமாகத் தந்த பொந்தை அவர்கள் பெட்டி பெட்டியாகச் செய்து மரத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. நம்மிடம் அந்த மரங்கள் இன்னும் நிற்கின்றன.

காவலர் ஆனவர்கள்

காப்பது யார் என்ற கேள்விக்கும் ஆசியாவிலேயே விடை இருக்கிறது. தாய்லாந்தில் பேராசிரியை பிலாய் பூன்ஸ்வாட் 1978இல் காவ் யாய் காட்டில் இருவாய்ச்சி ஆய்வைத் தொடங்கினார். பின்னர் தெற்கே பூடோ மலையில், மலாய் முஸ்லிம் கிராமங்களில், குஞ்சுகளைப் பிடித்து விற்று வந்தவர்களையே கூட்டுக் காவலர்களாக ஆக்கினார். எந்த மரத்தில் பொந்து என்று அவர்களைவிட நன்றாக அறிந்தவர் வேறு யார்? நகரத்துக் குடும்பங்கள் ஒரு கூட்டைத் தத்தெடுத்துப் பணம் அனுப்ப, அது காவலருக்குக் கூலியாகியது.

அருணாசலப் பிரதேசத்தின் பக்கேயில் நிஷி மக்கள் தங்கள் தலையணியில் இருவாய்ச்சிச் சொண்டைச் சூடுபவர்கள். அங்கே உண்மையான சொண்டுக்குப் பதிலாக இழைக்கண்ணாடிச் சொண்டு புழக்கத்துக்கு வந்தது. 2012 முதல் ஊராரே கூடுகளைக் காக்கிறார்கள். கேரளத்தின் வாழச்சாலில் காடர் பழங்குடியினர் 2000களின் நடுப்பகுதியிலிருந்து கூட்டு மரங்களைக் கண்காணிக்கிறார்கள். அந்தக் காட்டின் ஆற்றோரத்தில் கூடு வைப்பவற்றில் நம் கறுப்பு வெள்ளை இருவாய்ச்சியும் ஒன்று. கலா ஓயாவில் நான் பார்த்த அதே இனம், சாலக்குடி ஆற்றங்கரையில் ஒரு காடர் குடும்பத்தின் காவலில் குஞ்சு பொரிக்கிறது. அந்த ஆற்றில் அதிரப்பள்ளி அணைத் திட்டத்துக்கு எதிராக எழுந்த குரல்களில், இந்தப் பறவையின் ஆற்றோரக் கூடுகளும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டன.

மூன்று இடத்திலும் பொதுவானது ஒன்று. அங்கே பாதுகாப்பு தொடங்கியது வேலியில் இருந்து அல்ல, பட்டியலில் இருந்து. இந்த மரம், இந்தப் பொந்து, இந்த ஆண்டு குஞ்சு வெளியே வந்ததா, இல்லையா.

நாம் செய்யக்கூடியது

பட்டியல் எழுதுவது நம் மண்ணுக்குப் புதிது அல்ல. 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் அகர வரிசையில் ஒரு பெருநூலாகத் தொகுத்தார். 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்தார். சிதறிக் கிடந்ததைப் பெயர் பெயராக எழுதி வைத்த அந்த உழைப்பால்தான் பல செய்திகள் நமக்கு மிஞ்சின. அதே உழைப்பை மரங்களுக்குச் செய்யவேண்டும் என்று கேட்கிறேன். புத்தளம் மாவட்டத்தின் முதிய மரங்களுக்கு ஒரு பதிவேடு வேண்டும்.

அது எப்படி இருக்கவேண்டும் என்று சுருக்கமாகச் சொல்கிறேன்.

பூங்காவுக்குள் உள்ள மரங்களை வனஜீவராசிகள் திணைக்களம் பார்த்துக்கொள்ளட்டும். நாம் தொடங்கவேண்டியது அதற்கு வெளியே: குளக்கட்டு, ஆற்றங்கரை, கோயில் வளவு, பள்ளிவாசல் வளவு, தேவாலய வளவு, பழைய தென்னந்தோட்டத்தின் எல்லை. வண்ணாத்திவில்லிலும் எலுவன்குளத்திலும் தப்போவக் குளத்தைச் சுற்றியும் தொடங்கலாம். மார்பு உயரத்தில் சுற்றளவு, மரத்தின் பெயர், பொந்து உண்டா, பொந்து எந்தத் திசையைப் பார்க்கிறது, அதில் என்ன குடியிருக்கிறது. ஒரு நூல்நாடாவும் ஒரு கொப்பியும் போதும். உயர்தர உயிரியல் மாணவர்கள் ஒரு தவணைச் செயற்றிட்டமாக இதைச் செய்யலாம்.

மரத்தை அறிந்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். தேன் எடுப்பவர், விறகு வெட்டியவர், பட்டி மாடு மேய்ப்பவர், ஆற்று மீன் பிடிப்பவர். அவர்கள் சொல்வதற்கு ஏடுகளில் இடம் கிடைத்ததில்லை; இந்தப் பதிவேட்டில் அவர்கள் பெயரே முதலில் வரட்டும். அவர்கள் தமிழிலும் சொல்வார்கள், சிங்களத்திலும் சொல்வார்கள். இரு மொழியிலும் எழுதுங்கள்.

கூடு வைக்கும் மாதங்களில் மரத்தடிக்குப் போய்ப் படம் எடுக்காதீர்கள். எந்த மரத்தில் கூடு என்று கைபேசியில் ஊரெல்லாம் அனுப்பாதீர்கள். மனித நடமாட்டத்தைக் கண்டு ஆண் வாசலுக்கு வராமல் காத்திருந்தால், உள்ளே பட்டினி கிடப்பது தாயும் குஞ்சுகளும். பதிவேட்டில் கூட்டு மரத்தின் சரியான இடம் பாடசாலைப் பெட்டகத்தில் மட்டும் இருக்கட்டும்.

காணிச் சொந்தக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டின் மேல் சாயும் மரத்தை வெட்டவேண்டாம் என்று சொல்ல மாட்டேன், உயிர் முதன்மையானது. ஆனால் தோட்டத்தின் கோடியில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நிற்கும் கோறை மரத்தை, உதவாது என்பதற்காக மட்டும் விறகாக்காதீர்கள். ஓர் ஆல், ஓர் அத்தி, ஓர் இத்தி முளைத்தால் அதற்கும் இடம் கொடுங்கள்.

நிர்வாகத்தில் இருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். 1937இல் இருந்து நம் நாட்டில் தாவரங்களையும் விலங்குகளையும் காக்கும் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அது பறவையைக் காக்கிறது. பறவையின் வீட்டுக்கும் அந்தக் காப்பு எட்டவேண்டும். வீதி அகலிக்கும்போதும் குளம் திருத்தும்போதும் பொந்துள்ள முதிய மரங்களைப் பதிவேட்டில் பார்த்து, முடிந்தவரை தவிர்த்துத் திட்டமிடுங்கள். ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நடுவோம் என்ற பதில் இங்கே பொருந்தாது. பத்துக் கன்றும் சேர்ந்து ஒரு பொந்தைத் தர, இங்கே இருக்கும் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் காலம் ஆகும்.

மாணவர்களே, இந்த அறக்கட்டளை உங்களுக்காகவே உண்டானது. அடுத்த ஆண்டு இதே மேடையில் இன்னொருவர் பேசுவார். அப்போது இந்த மண்டபத்தின் மேசையில் உங்கள் பதிவேட்டின் முதல் தொகுதி இருக்கவேண்டும். நூறு மரம் இருந்தாலும் சரி, பத்து மரம் இருந்தாலும் சரி. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பெயர், ஓர் அளவு, அதைக் காட்டித் தந்த மனிதரின் பெயர். அதற்கு வேண்டிய நாடாவையும் கொப்பிகளையும் இந்தச் சொற்பொழிவுக்காக எனக்குத் தரப்பட்ட சன்மானத்தில் இருந்து வாங்கித் தர அறக்கட்டளையினரிடம் ஒப்புதல் கேட்டிருக்கிறேன். அவர்களும் மகிழ்ச்சியோடு சம்மதித்திருக்கிறார்கள். எந்தப் பாடசாலை முதலில் கை உயர்த்துகிறதோ, அந்தப் பாடசாலையோடு இந்த மாதமே வேலையைத் தொடங்க நான் ஆயத்தம்.